நடுத்துளை

பாலாற்றங்கரையில், தோலுக்குப் பேர்போன ஓர் ஊரில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். குருவுக்கு முப்பத்திரண்டு வயது. சீடருக்கு ஐம்பத்தொன்பது.

குருவின் பெயர் ஜெசிந்தா. கையால் பெல்ட் செய்கிறவள். பஜார் தெருவில் நாலு பேர் நெருக்கி உட்காரக்கூடிய கடை. ஊரே அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டது. சீடரின் பெயர் ஏகாம்பரம். முப்பத்து மூன்று வருஷம் பஸ் டெப்போவில் டைம் கீப்பர். எந்த பஸ் எந்த நிமிஷம் கிளம்ப வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே தலை நரைத்தவர். ஓய்வு பெற்ற மறுவாரம், தையல் விட்டுப்போன தன் பெல்ட்டை எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்கு வந்தார். அவள் தைத்து முடிக்கும்வரை நின்று பார்த்தார். மறுநாள் தைக்க ஒன்றும் இல்லாமலே வந்து நின்றார். மூன்றாம் நாள், இதை எனக்கும் சொல்லித்தர முடியுமா என்று கேட்டார்.

அவள் ஒரு துண்டுத் தோலையும் கத்தியையும் அவர் பக்கம் நகர்த்தினாள். பதில் அவ்வளவுதான்.

ஏகாம்பரத்துக்கு எதற்கும் ஒரு வரிசை வேண்டும். குடியாத்தம் பஸ் போகாமல் பேரணாம்பட்டு பஸ் போனால் அன்றைக்கெல்லாம் அவருக்குச் சோறு இறங்காது. அதனால் ஒரு நோட்டு வாங்கினார். பெல்ட் செய்வதைப் பதினாலு படிகளாகப் பிரித்து எழுதினார். தோலின் முதுகுப் பக்கத்தில் பட்டை அறுக்க வேண்டும், வயிற்றுப் பக்கம் அறுத்தால் நாளடைவில் இழுபட்டுப் போகும். இது முதல் படி. பட்டையின் ஓரத்தைச் சீவி மழுக்குவது, பக்கிள் மாட்டுகிற முனையை மடங்கும்படி மெலிதாக்குவது, சாயம் பூசுவது, காய வைப்பது, எண்ணெய் காட்டுவது, தையலுக்குக் குத்தூசியால் வழி போடுவது என்று எல்லாவற்றுக்கும் எண் கிடைத்தது.

பதினாலில் ஒன்று மட்டும் எந்த எண்ணிலும் நிலையாக உட்காரவில்லை. நடுத்துளை.

ஒரு பெல்ட்டில் ஐந்து துளைகள். கட்டுகிறவருக்கு மூன்றாவது துளைதான் கணக்கு. இளைத்தால் உள்ளே இரண்டு, பெருத்தால் வெளியே இரண்டு. நடுவில் இருப்பது சரியாக விழுந்தால் மற்ற நாலும் அதைப் பார்த்து விழும். அந்த நடுத்துளையைக் கட்டுகிறவர் எதிரில் இல்லாமல் ஜெசிந்தா போடுவதே இல்லை. ஒருநாள் பட்டை அறுக்கும் முன்பே ஆளை நிறுத்தி அடையாளம் வைப்பாள். இன்னொரு நாள் சாயம் காய்ந்த பிறகு. வேறொரு நாள் எல்லாம் முடிந்து காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிட்டு, வாசல் இறங்கியவரைத் திரும்பக் கூப்பிட்டு, காகிதத்தைப் பிரித்துத் துளை போட்டு அனுப்புவாள்.

ஏகாம்பரம் அதை நாலாவது படியாக எழுதினார். அடித்தார். பதினொன்றாவதாக எழுதினார். அதையும் அடித்தார். கடைசியில் நேராகவே கேட்டுவிட்டார்.

"மாஸ்டர், நடுத்துளை எத்தனையாவது படி?"

அப்போது அவள் வாயில் நூல் இருந்தது. எதிர்க்கடையைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினாள். இரண்டு டீ வந்தது.

அடுத்த வாரம் மறுபடியும் கேட்டார். அவள் ஒரு கழிவுத் துண்டில் துளை ஒன்று போட்டு, அதை அவர் கண்ணருகில் பிடித்தாள். துளை வழியாக எதிரே டீக்கடை ரபீக் பாய் காது குடைந்துகொண்டிருப்பது தெரிந்தது. நோட்டில் அதை எப்படி எழுதுவது என்று ஏகாம்பரத்துக்குப் புரியவில்லை.

ஆறு மாதம் இப்படியே போனது. ரபீக் பாய்க்கு இது தினப்படிக் கூத்து. கடை திறக்கும்போதே, இன்னா டைம் கீப்பரே, அந்த நடு பஸ் வந்துச்சா என்று விசாரிப்பார்.

பிறகு அந்த வியாழக்கிழமை வந்தது.

காலை பத்தரை இருக்கும். ஒரு பெண் ஓடிவந்து வாசலில் நின்றாள். பத்தொன்பது வயது, குட்டையான உருவம், தோள் மட்டும் அகலம். கையில் அறுந்துபோன அகலப் பெல்ட் ஒன்று. பெயர் நிரோஷா. பளு தூக்குகிறவள். மறுநாள் சேலத்தில் மாநிலப் போட்டி. காலைப் பயிற்சியில் பெல்ட் பக்கிளோடு கிழிந்துவிட்டது. கோச்சிடம் இருந்ததெல்லாம் ஆண் பிள்ளைகளின் பெல்ட்டுகள், அவளுக்கு இடுப்பில் நிற்காது. மூன்று நாற்பதுக்கு ரயில்.

இதையெல்லாம் மூச்சு வாங்க ஒரே ஓட்டத்தில் சொன்னாள். மற்றதைத் தலைகுனிந்து, கொஞ்சம் மெதுவாகச் சொன்னாள். அவள் இதுவரை தூக்கியதில் அதிகம் தொண்ணூற்றெட்டு கிலோ. நூறு தூக்கினால் விளையாட்டு விடுதிப் பட்டியலில் பெயர் வரும் என்று கோச் சொல்லியிருக்கிறார். வராவிட்டால் திங்கட்கிழமை ஷூ கம்பெனியில் சேர வேண்டும். அம்மா சூப்பர்வைசரிடம் பேசி வைத்துவிட்டாள்.

ஜெசிந்தா தன் வலது கையைத் தூக்கிக் காட்டினாள். கட்டைவிரலில் தடிமனாகக் கட்டு. முந்தின நாள் காய்ச்சிய மெழுகு கொட்டிவிட்டது. பெண்ணின் முகம் வாடியது.

"நான் இல்லம்மா. அண்ணா செய்வாரு," என்றாள் ஜெசிந்தா.

ஏகாம்பரம் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

முழு பெல்ட் ஒன்றை அவர் தனியாகச் செய்ததே இல்லை. அறுத்திருக்கிறார், சீவியிருக்கிறார், வளைய வளையத் தைத்திருக்கிறார். ஆனால் ஆரம்பத்திலிருந்து முடிவுவரை ஒன்றைக்கூட அவர் பெயரில் சொல்ல முடியாது. பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். தாத்தா செய்வாரா என்று கேட்டாள். எதிரே ரபீக் பாய் சத்தமாகச் சிரித்தார்.

பாரம் தூக்குகிறவளுக்கான பெல்ட் எப்படி இருக்க வேண்டும் என்பதை ஜெசிந்தா பெண்ணிடமே கேட்டாள். பின்னால் நாலு அங்குல அகலம், முன்னால் இரண்டரை. எருமைத் தோல், ஒரே தடிப்பு. நுனி நீளமாகத் தொங்கக் கூடாது, தொங்கினால் தூக்கும்போது கம்பியில் இடிக்கும். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றப் புறப்பட்டாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள்.

"நடுத்துளை மட்டும் இந்தப் பொண்ணு எதிர்ல இருக்குறப்ப, அண்ணா."

ஏகாம்பரம் தலையாட்டினார். அதற்குள் அவர் மனம் நோட்டின் முதல் படியில் இருந்தது.

அளவு எடுக்க வேண்டும். டேப்பைக் கையில் எடுத்த பிறகுதான் சங்கடமாக இருந்தது. வயசுப் பெண்ணின் இடுப்பு. டேப்பை அவளிடமே கொடுத்து, நீயே சுத்திக்கோம்மா என்று சொல்லிவிட்டு, முகத்தைச் சுவர்க் காலண்டர் பக்கம் திருப்பிக்கொண்டார். அவளுக்கும் கூச்சம். தெருவில் போகிறவர்கள் வேறு பார்க்கிறார்கள். டேப்பைச் சுற்றி, வயிற்றை உள்ளே எக்கிக்கொண்டு நின்றாள். ஏகாம்பரம் எண்ணை மட்டும் எட்டிப் பார்த்தார். இருபத்தேழு அங்குலம். நோட்டில் எழுதி அடியில் கோடு போட்டார்.

பெண் பையும் சான்றிதழும் எடுத்துவரக் கோச் வீட்டுக்குப் போனாள். இரண்டு மணிக்குள் வந்துவிடுவதாகச் சொன்னாள்.

பிறகு நடந்ததை ஏகாம்பரம் ஒரு திருவிழாவைப் போலத்தான் நினைவில் வைத்திருந்தார். தீபாவளிக்கு முந்தின நாள் டெப்போவில் நாற்பது ஸ்பெஷல் பஸ்களை அனுப்பும்போது வரும் அதே குறுகுறுப்பு விரல் நுனிகளில் ஓடியது. தோலைத் தரையில் விரித்தார். முதுகெலும்பின் தடத்தைத் தடவிப் பார்த்துக் கோடு இழுத்தார். கத்தி வழுக்கிக்கொண்டு போனது. ஒன்று. காகிதத்தில் வரைந்த வளைவைத் தோலில் வைத்து அறுத்தார். இரண்டு. ஒவ்வொரு படி முடியும்போதும் நோட்டில் ஒரு டிக் விழுந்தது. ஓரம் சீவியபோது தோல் மெல்லிய சுருளாக, கேரட் சீவல் மாதிரி, நீளமாகப் பிரிந்து மடியில் விழுந்தது. அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. கறுப்புச் சாயம் பூசி, வெயிலில் காட்டி, ஃபேனுக்கு அடியில் தொங்கவிட்டார். காய்வதற்குள் நூலுக்கு மெழுகு தேய்த்தார். பக்கிள் மாட்டினார். தைத்தார். நுனியை வளைவாக அறுத்து முடித்தார். பெண் சொன்னதை மறக்காமல் குட்டையாகவே விட்டார்.

மணி ஒன்றேகால். பதிமூன்று டிக். வெற்றாக நின்றது துளை மட்டும்.

பெண் வரவில்லை. மாஸ்டர் வரவில்லை. கடிகாரம் நிற்கவில்லை. ஏகாம்பரம் வாசலுக்கு வந்து தெருவின் இரு பக்கமும் பார்த்தார். உள்ளே போனார். மறுபடியும் வந்து பார்த்தார். அளவுதான் கையில் இருக்கிறதே என்று தோன்றியது. இருபத்தேழு. எழுதிய எண் மாறவா போகிறது. பெண் வந்ததும் மாட்டிப் பார்த்துக் கிளம்ப வேண்டியதுதான். மாஸ்டர் வந்து பார்த்தால் அசந்துபோவாள்.

கடையின் மூலையில் ஒரு கருங்கல் கிடந்தது. துளை போடுகிற கல். அதன் மேல் பெல்ட்டை வைத்து, துளை போடும் உளியை நிறுத்தி, சுத்தியலை ஓங்கினார். ஐந்து அடி. ஐந்து துளை.

எதிர்க்கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்த கை நின்றது.

"டைம் கீப்பரே, ஆள் ஏறாமலே பஸ்ஸை எடுத்துட்டீங்களா?"

ஏகாம்பரம் காதில் விழாதவர் போலப் பதினாலாவது டிக்கைப் போட்டார்.

ஒன்றே முக்காலுக்கு நிரோஷா வந்தாள். பெல்ட்டைப் பார்த்ததும் அவள் கண் விரிந்தது. கட்டிப் பார்த்தாள். மூன்றாவது துளையில் பக்கிள் முள் நுழைந்து கச்சிதமாக உட்கார்ந்தது. திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். தாத்தா என்று கூப்பிட்டவள் இப்போது சார் என்றாள். ரபீக் பாய் டீ கொண்டுவந்து, அதற்குக் காசு வேண்டாம் என்று சொன்னது ஏகாம்பரத்தின் நினைவில் அதுவே முதல் தடவை.

அந்த நேரத்தில் ஜெசிந்தா புதுக் கட்டோடு திரும்பினாள். பெல்ட்டைக் கழற்றச் சொல்லி வாங்கி, இடது கை விரலை ஓரத்தின் மேல் ஓட்டினாள். ஓரம் நல்லா வந்திருக்கு என்றாள். ஏகாம்பரத்துக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. விரல் நகர்ந்து துளைகளின் மேல் வந்ததும் நின்றது.

"யார் இருந்தப்ப போட்டீங்க?"

அளவு எடுத்திருந்தேன் மாஸ்டர், இருபத்தேழு என்று அவர் சொல்லத் தொடங்கினார். சொல்லும்போதே குரல் இறங்கியது.

ஜெசிந்தா பெல்ட்டைப் பெண்ணிடம் கொடுத்துக் கட்டிக்கொள்ளச் சொன்னாள். மூலைக் கல்லைக் காட்டி, அதைத் தூக்க முடியுமா என்று கேட்டாள். எவ்வளவு இருக்கும்க்கா என்றாள் நிரோஷா. எழுபது கிலோவுக்கு மேலே இருக்கும், கடை திறந்த அன்றைக்கு நாலு பேர் சேர்ந்து இறக்கியது என்றாள் ஜெசிந்தா.

"எழுபதா? அது எனக்கு உடம்பு சூடேத்துறதுக்குக்கா."

காலை அகட்டிக் குனிந்தாள். கல்லின் அடியில் விரலைக் கொடுத்தாள். மூச்சை இழுத்தாள். இழுத்த மூச்சு பாதியில் நின்றது. கல் ஒரு சாண் எழுந்து, தொப்பென்று தரையில் உட்கார்ந்தது.

முகம் சிவக்க எழுந்து நின்று பெல்ட்டைத் தளர்த்தினாள். கடைசித் துளையில் மாட்டி மறுபடியும் குனிந்தாள். மறுபடியும் அதேதான்.

"மூச்சு எறங்க மாட்டேங்குதுக்கா. தூக்குறப்ப வயித்துல காத்த ரொப்பி, பெல்ட்டு மேல தள்ளணும். தள்ள எடமே இல்ல."

ஏகாம்பரத்துக்கு அப்போதுதான் கண்முன்னால் வந்தது. டேப்பைச் சுற்றிக்கொண்டு, வயிற்றை எக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண். காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்ற தான். வெளியே இன்னும் ஒரு துளை போடலாமென்றால், குட்டையாக விட்ட நுனியில் ஒரு விரல் அகலம்தான் மிச்சம். அதில் துளை போட்டால் முதல் தூக்கிலேயே கிழிந்துவிடும்.

நிரோஷா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். பரவாயில்ல சார், பழசையே கயிறு போட்டுக் கட்டிக்கிறேன் என்றாள். அழவில்லை. அழாமல் இருப்பதற்காக எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரை எழுத்துக் கூட்டிப் படிப்பது போல உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணி இரண்டு ஐந்து.

அதே தோலில் அறுத்த பட்டைக்குப் பக்கத்திலேயே இன்னொரு பட்டைக்கு இடம் இருந்தது. ஏகாம்பரம் அதன் முன்னால் மண்டியிட்டார். நோட்டை எடுத்தார். அவசரமாகப் புரட்டியதில் பக்கம் கிழிந்தது. பதினாலு படி. சாயம் காயவே ஒரு மணி நேரம். எப்படிக் கூட்டினாலும் ரயில் போய்விடும்.

"மாஸ்டர், எந்தப் படியை விடலாம்?"

ஜெசிந்தா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவளுக்கு அவசரமே இல்லாதது போல இருந்தது.

"உங்க டெப்போல பஸ் லேட்டாச்சுன்னா இன்னா பண்ணுவீங்க?"

"சில ஸ்டாப்ல நிக்காம போகச் சொல்வோம்."

"எந்த ஸ்டாப்ல?"

"யாரும் நிக்காத ஸ்டாப்ல."

"சரி," என்றாள் அவள். "சாயத்துல யார் நிக்கிறாங்க?"

ஏகாம்பரம் வாசற்படியைப் பார்த்தார். பிறகு சாயக் குப்பியை மூடி அலமாரியில் வைத்தார். அழகுக்கு ஓரமாக இழுக்கிற இரட்டைக் கோட்டை நினைத்தார். அங்கும் யாரும் நிற்கவில்லை. நோட்டை எங்கே வைத்தார் என்று தெரியவில்லை. கத்தி கையில் இருந்தது.

"எழுந்து வாம்மா," என்றார்.

புதிதாக அறுத்த பட்டை, சீவாத ஓரமும் அறுக்காத நுனியுமாக, சாயம் காணாத தோல் நிறத்தில் நீளமாகக் கிடந்தது. அதன் ஒரு முனையில் பக்கிளைச் சும்மா மடித்துக் கவ்வியில் பிடித்து, பெண்ணிடம் கொடுத்தார். டேப்பை எடுக்கவில்லை. காலண்டர் பக்கமும் திரும்பவில்லை.

"நூறு கிலோ உன் முன்னாடி கிடக்குது. எப்படி நிப்ப? நில்லு."

நிரோஷா பட்டையை இடுப்பில் சுற்றிக்கொண்டாள். காலை அகட்டினாள். தெருவை மறந்தாள் போலிருந்தது. மூச்சை இழுத்தாள்.

ஏகாம்பரம் அதுவரை மனிதர்கள் நெஞ்சால் மூச்சு விடுகிறார்கள் என்றுதான் எண்ணியிருந்தார். இவள் தோள் எழவே இல்லை. வயிறு நிறைந்தது. விலா நிறைந்தது. இடுப்பின் பின்பக்கம்கூடத் தண்ணீர் ஊற்றிய தோற்பை போல மெல்லப் புடைத்தது. அவர் கையில் பிடித்திருந்த பட்டையின் நுனி தானாக நழுவி, நீண்டு, ஓர் இடத்தில் இறுகி நின்றது. குத்தூசியை அவளிடம் நீட்டினார். மூச்சை விடாமலே, அந்த இடத்தில் அவளே ஒரு புள்ளி குத்தினாள்.

அதற்குப் பிறகு அந்தக் கடையில் யார் என்ன செய்தார்கள் என்று சொல்வது கஷ்டம். ரபீக் பாய் டீக்கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்து நூலுக்கு மெழுகு தேய்த்தார். தையல் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, மறுமுனையில் ஜெசிந்தா இடது கையால் மரக்கட்டையை வைத்து ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஏகாம்பரம் இரண்டு தையல் போட்டுவிட்டு பெண்ணைக் கூப்பிட்டு நிறுத்துவார், மூச்சு இழுக்கச் சொல்வார், தலையாட்டுவார், ஓரத்தைச் சீவப் போவார், பாதியில் திரும்பி வந்து தைப்பார். எண்ணெயைப் பூசிய கையோடு நுனியை அறுத்தார். இடையில் எங்கோ கருங்கல்லின் மேல் டொக்கென்று ஒரு சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து நாலு சத்தம் சேர்ந்தாற்போலக் கேட்டது. தெருவில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். எதற்கு என்று தெரியாமலே அவர்களும் பரபரப்பாக நின்றார்கள்.

கடிகாரத்தை யாரும் பார்க்கவில்லை. டைம் கீப்பரே பார்க்கவில்லை. டீக்கடையிலிருந்து ரபீக் பாயின் தம்பிதான் குரல் கொடுத்தான், மூன்று பத்து என்று.

கடைசி முடிச்சைப் பல்லால் இழுத்து அறுத்தார் ஏகாம்பரம். "கட்டும்மா."

பக்கிள் முள் நடுத்துளையில் நுழைந்தது. சும்மா நிற்கும்போது பெல்ட் கொஞ்சம் தளர்வாகத்தான் இருந்தது. கூட்டத்தில் ஒருவர், லூசா இருக்கே என்றார். ரபீக் பாய் அவரை ஒரு பார்வை பார்த்தார்.

நிரோஷா கல்லின் முன் குனிந்தாள். மூச்சை இழுத்தாள். தோல் முறுக்கிக்கொள்ளும் சத்தம், புதுச் செருப்பு பேசுவதைப் போல, எல்லோருக்கும் கேட்டது. கல் தரையை விட்டது. முழங்காலைத் தாண்டியது. இடுப்பில் ஒரு கணம் தங்கி, ஒரே உந்தலில் நெஞ்சுக்கு வந்தது. அவள் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிரித்தாள். அத்தனை வருஷமாகக் கல் கிடந்த இடத்தில் ஈரமும் தோல் துகளுமாக ஒரு சதுரம் தெரிந்தது.

தெருவில் விசில் பறந்தது. ஏகாம்பரத்துக்குக் கைதட்ட வேண்டும் என்று தோன்றியது, ஆனால் விரலில் குத்தூசி இருந்தது.

ரபீக் பாய் மொபெட்டை உதைத்தார். பெண் பின்னால் ஏறிக்கொண்டாள். பெல்ட்டைக் கழற்றவே இல்லை. வண்டி நகரும்போது ஆணியில் தொங்கிய கறுப்பு பெல்ட்டைக் காட்டி, அப்போ அது யாருக்குக்கா என்று கேட்டாள்.

"மூச்சு விடாதவங்களுக்கு," என்றாள் ஜெசிந்தா.

மொபெட் திருப்பத்தில் மறையும்வரை நிரோஷா சிரிக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ரயில் ஊதியது. மூன்று நாற்பத்திரண்டு, இரண்டு நிமிஷம் லேட் என்று ஏகாம்பரத்தின் வாய் தன்னால் சொன்னது.

மறுநாள் மாலை ரபீக் பாயின் போனுக்கு ஒரு வீடியோ வந்தது. கோச் அனுப்பியது. கடை வாசலில் ஒரு போனைச் சுற்றிப் பத்துத் தலைகள். முதல் முயற்சியில் நூறு கிலோ அவள் தோள்வரை வந்து விழுந்தது. பத்துத் தலையும் பெருமூச்சு விட்டது. இரண்டாம் முயற்சியில் தலைக்கு மேல் போய், கை மடங்கிப் பின்னால் விழுந்தது. ஏகாம்பரத்தால் பார்க்க முடியவில்லை, பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

மூன்றாவது முறை அவள் கம்பியருகே வந்து நின்றாள். கறுப்பும் நீலமுமாக எல்லோர் இடுப்பிலும் இருக்க, அவள் இடுப்பில் மட்டும் சாயம் போடாத பச்சைத் தோல், வேகவைத்த கடலை நிறத்தில். அவள் மூச்சை இழுத்தாள். அந்தச் சின்னத் திரையிலும் ஏகாம்பரத்துக்கு மட்டும் அது தெரிந்தது, பின்பக்கம் மெல்லப் புடைத்தது. தன்னை அறியாமல் அவரும் வயிறு நிறைய மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார். நூறு கிலோ தோளுக்கு வந்தது. தலைக்கு மேல் போனது. நின்றது. தூக்கியது செல்லும் என்று நடுவர்களின் மூன்று வெள்ளை விளக்கும் எரிந்தன.

அப்போதுதான் அவர் மூச்சை விட்டார். அவர் சட்டையின் கீழ்ப் பொத்தான் தெறித்துப் போயிருந்ததை ரபீக் பாய் வெகு நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

விடுதிப் பட்டியல் வர இன்னும் பத்து நாள் ஆகும் என்று நிரோஷா போனில் சொன்னாள். ஆனால் திங்கட்கிழமை கம்பெனிக்குப் போக வேண்டாம் என்று அம்மாவே சொல்லிவிட்டாளாம். அந்த வீடியோவை அவள் அம்மா தெருவில் வீடு வீடாகக் காட்டிவிட்டு வந்தாளாம்.

சனிக்கிழமை காலை ஏகாம்பரம் சீக்கிரமே கடைக்கு வந்தார். தோல் துகளுக்கு அடியில் நோட்டு கிடைத்தது. தட்டித் துடைத்து, கிழிந்த பக்கத்தை ஒட்டி, பேனாவைத் திறந்தார். இந்த முறை தன் கையாலேயே முழுதாகச் செய்தாயிற்று. இனி சந்தேகத்துக்கு இடமில்லை. எழுதி முடித்துவிடலாம்.

இருந்தாலும் குருவிடம் ஒருமுறை கேட்டுவிடுவது முறை என்று பட்டது.

"மாஸ்டர், கடைசியாக் கேக்குறேன். நடுத்துளை எத்தனையாவது படி?"

ஜெசிந்தா புதுப் பட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"வியாழக்கிழமை நீங்க எத்தனையாவதா போட்டீங்க, அண்ணா?"

ஏகாம்பரம் சொல்ல வாயெடுத்தார். எண் வரவில்லை. கையில் பட்டை நழுவி நீண்டு இறுகி நின்றது நினைவுக்கு வந்தது. நிரோஷாவின் மூச்சு நினைவுக்கு வந்தது. எதிர்க்கடையில் ரபீக் பாய் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

பேனாவின் மை காய்ந்துகொண்டிருந்தது.